பனிமூட்ட ஊரில், மொபைலில் பழைய நாணயங்களைத் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். தாத்தா வைத்திருந்த விக்டோரியா வெள்ளி ரூபாயும் சில கால் அணாக்களும் கையில் இருக்கின்றன. மொபைலில் எடுத்தால் வெள்ளி வெறும் வெள்ளைத் தட்டாகவும் செம்பு கரித்துண்டாகவும் வருகிறது. கேமரா வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். வெள்ளியைக் கறுப்புத் துணியிலும் செம்பை வெள்ளைத் தாளிலும் வைத்து எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றிலும் கறுப்பாக இருந்தால் மொபைல் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளி வெளுத்துப் போகும். வெள்ளைத் தாளில் நேர் எதிராக நடக்கும். இரண்டுக்கும் சாம்பல் நிற சார்ட் அட்டையைப் போடுங்கள். நாணயத்தை அட்டை மேல் நேராக வைக்காமல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். நிழல் தள்ளி விழும், அட்டையின் சொரசொரப்பும் தெரியாது.

ஸ்டாண்டுக்குப் புத்தக அடுக்கு போதும், உயரம் சுமார் 20 செ.மீ. கேமரா உள்ள முனை மட்டும் வெளியே நீட்டியிருக்க, மறுமுனையில் ஒரு சின்ன அரிசிப் பையைப் பாரமாக வையுங்கள். 2 மடங்கு ஜூம், 3 விநாடி டைமர். நாணயத்துக்கு மிக அருகே போனால் மொபைலின் நிழலே அதன் மேல் விழும். சில மொபைல்கள் தானாக மேக்ரோ (மிக அருகில் எடுக்கும்) லென்ஸுக்குத் தாவி ஓரத்தை வளைத்தும் காட்டும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். மொபைல் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நாணயம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வையுங்கள். திரையின் நட்ட நடுவில் லென்ஸின் பிம்பம் தெரிந்தால் மட்டம் சரி.

இனி விளக்கு. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், அந்த ஒளி லென்ஸுக்கே திரும்பி எழுத்தை விழுங்கிவிடும். 9 வாட் எல்.ஈ.டி பல்பு போட்ட ஒரு டேபிள் லேம்ப், அதற்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர், அவ்வளவுதான். நாணயத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டு விளக்கை 10 அல்லது 11 மணிப் பக்கம் வையுங்கள். கீழ்ப்பக்கமிருந்து ஒளி வந்தால் புடைத்த முகம் குழிந்ததுபோல் தெரியும். விக்டோரியா இடப்பக்கம் பார்ப்பதால் இந்த இடம் முகத்துக்கு நேராக அமையும். ஏழாம் எட்வர்டு ரூபாய் இருந்தால் அவர் வலப்பக்கம் பார்ப்பார், விளக்கை 1 மணிக்கு மாற்றுங்கள்.

உயரம்தான் உயிர். தேய்ந்த கால் அணாவுக்கு விளக்கை மேசையோடு ஒட்டினாற்போல், 20 டிகிரி அளவில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகூட நிழலாக எழுந்து வரும். ஆனால் பழுப்பேறிய செம்பின் நிறம் வேண்டுமென்றால் 50, 60 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். எனவே இரண்டு படம் எடுங்கள், ஒரே படத்தில் இரண்டும் கிடைக்காது.

பளபளப்புக் குறையாத வெள்ளிக்கு வேறு வழி. போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை நாணயத்துக்கும் லென்ஸுக்கும் நடுவே 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கைக் காட்டுங்கள். கண்ணாடி ஒளியைச் செங்குத்தாகக் கீழே அனுப்பும், லென்ஸ் அதன் வழியாகவே பார்க்கும். விளக்கு நேராக நாணயத்தில் படாமல் ஓர் அட்டையால் மறையுங்கள். விளக்குக்கு எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் சுவரின் பிம்பம் படத்தில் படியும். கண்ணாடி திருப்பி அனுப்புவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி, அதனால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். ஆடாத ஸ்டாண்டு இதற்காகத்தான்.

அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில் ஐ.எஸ்.ஓ, அதாவது ஒளியுணர்வு, 50 முதல் 100. ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடி, கண்ணாடி முறையில் 1/25 வரை இறங்கலாம். நம் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்குவதால் வேறு வேகங்களில் குறுக்குப் பட்டைகள் விழலாம். நிறச் சமநிலையை வைக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், செம்பின் சிவப்பை நீலமாக்கித் திருத்தப் பார்க்கும். முதலில் சாம்பல் அட்டையை மட்டும் எடுத்து, அது சாம்பலாகவே தெரியும் ஒயிட் பேலன்ஸ் எண்ணில் நிறுத்திவிடுங்கள்.

மூடுபனிக் காலையில் ஜன்னலோரம் கிடைக்கும் ஒளி அருமையானது, வெள்ளிக்குக் கடையில் வாங்கும் லைட் பாக்ஸே தேவையில்லை. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அறை விளக்கு எரியக் கூடாது, பாதி நீலம் பாதி மஞ்சளாகிவிடும்.

குளிரில் இன்னொன்று. பீரோவிலிருந்து எடுத்த நாணயம் சில்லென்றிருக்கும், குனிந்து பார்க்கும்போது விடும் மூச்சே அதன் மேல் ஆவியாகப் படிந்து படம் மங்கும். உறையோடு அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். புளி, பல்பொடி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தேய்த்த கீறல்கள் சாய்ந்த ஒளியில் ஒன்றுவிடாமல் தெரியும்.