ஆயர் இல்லாத சபை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். என் மகள் சென்ற ஆண்டு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்டாள். மருமகன் நல்லவர். ஒருநாள் பேச்சுவாக்கில், உங்கள் போதகரைத் திருநிலைப்படுத்தியது, அதாவது தலையில் கைவைத்து ஜெபித்து அந்தப் பணியில் அமர்த்தியது, யார் என்று கேட்டேன். சபையார்தான் என்றார். ஆயர் (பிஷப்) கைவைக்காமல் எப்படிப் போதகர் ஆகமுடியும் என்றேன். "ஆயர் பதவியெல்லாம் பின்னால் மனிதர் உண்டாக்கியது மாமா, வேதத்தில் இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் இந்தப் பேச்சை எடுப்பதில்லை. மகள்தான் நடுவில் தவிக்கிறாள். யார் சொல்வது சரி?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆயர் வேதத்தில் இல்லை என்பது தவறு. கிரேக்க மூலத்தில் 'எபிஸ்கோப்போஸ்' என்று இருக்கிறது. பிஷப் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். மேற்பார்ப்பவர் என்று பொருள். பழைய தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்று பெயர்த்தது. தோட்டங்களில் கூலியாட்களை வேலை வாங்கிய கங்காணியும் இதே சொல்லின் திரிபுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சற்றுக் கலங்கும்.

ஆனால் சொல் இருக்கிறது என்பதாலேயே இன்று நீங்கள் அறிந்த ஆயர் அங்கே இருக்கிறார் என்று ஆகிவிடாது. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையை நடத்திய மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைக்கிறார். பேச்சின் நடுவே அதே மூப்பர்களைக் கண்காணிகள் என்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போதும் 'கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்' என்று பன்மையில்தான் வாழ்த்துகிறார். ஊருக்கு ஒரே ஆயர் என்ற ஏற்பாட்டை இந்த இடங்களில் காணமுடியவில்லை.

அது துலக்கமாகத் தெரிவது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோக்கியா நகரத்து ஆயர் இஞ்ஞாசியாரின் கடிதங்களில். ரோமாபுரியில் சாவதற்காகக் காவலில் கொண்டுசெல்லப்பட்ட வழியில் எழுதியவை. ஆயரை விட்டு எதையும் செய்யாதீர்கள் என்று சபை சபையாகக் கெஞ்சுகிறார். போலிப் போதனையில் சபைகள் சிதறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆயர் பதவி அதிகார ஆசையில் பிறந்தது என்று உங்கள் மருமகன் நினைத்தால், இந்தக் கடிதங்களை அவர் வாசிக்கவேண்டும். சாகப்போகிறவருக்குப் பதவியால் ஆவது என்ன?

அடுத்தது உங்களுக்காக. வேதத்தை லத்தீனில் பெயர்த்தவர் என்று உங்கள் திருச்சபை கொண்டாடும் புனித ஜெரோம், அலெக்சாந்திரியாவில் பழங்காலத்தில் மூப்பர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து ஆயர் என்று அழைத்தார்கள் என எழுதியிருக்கிறார். திருநிலைப்படுத்துவதைத் தவிர, மூப்பரால் செய்யமுடியாத எதை ஆயர் செய்கிறார் என்றும் அதே கடிதத்தில் கேட்கிறார்.

அந்த ஒரு விலக்குதான் பின்னாளில் சபைகளைப் பிரித்த கோடு. சீர்திருத்தக் காலத்தில் சுவீடனின் லுத்தரன்கள் ஆயர் வரிசையை, அதாவது ஓர் ஆயர் அடுத்த ஆயரின்மேல் கைவைத்து வரும் தொடர்ச்சியை, அறுக்காமல் காத்தார்கள். டென்மார்க்கில் 1537இல் ஆயர் அல்லாத புகென்ஹாகன் என்ற சாதாரணக் குரு ஏழு பேரை ஆயர் பணிக்குக் கைவைத்து நியமித்தார். நம்பிக்கையில் இரு நாட்டாருக்கும் வேறுபாடு இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாக இருந்து மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இன்னும் வருத்தமானது. அமெரிக்காவில் திருவிருந்து கொடுக்க ஆளில்லாமல் மக்கள் தவித்தபோது, ஒருவரையாவது குருவாக்கி அனுப்புங்கள் என்று லண்டன் ஆயரிடம் கேட்டார், கிடைக்கவில்லை. ஆயர் அல்லாத அவரே 1784இல் தாமஸ் கோக்கின் தலையில் கைவைத்து, மேற்பார்வையாளராக அனுப்பினார். உடன்பிறந்த சார்லஸ் வெஸ்லியே அதை ஏற்கவில்லை. ஆயர் வரிசையைத் தொடர்ந்து வைத்திருந்த ஆங்கிலிக்கர்களும், அதாவது வெஸ்லியின் இங்கிலாந்துத் திருச்சபை மரபினரும், தப்பவில்லை: அவர்களின் திருநிலைப்பாடு செல்லாது என்று 1896இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அறிவித்தார். 1947இல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான், ஆயர் கைவைக்காத குருமார்களையும் மறுபடி திருநிலைப்படுத்தாமல் அப்படியே ஏற்றுக்கொண்டு, இனி வருபவர்களை ஆயர் திருநிலைப்படுத்தட்டும் என்று முடிவு செய்தார்கள். அது எனக்கு மிகப் பிடித்த முடிவு.

(சொற்களும் நம்மைக் குழப்புகின்றன. உங்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். சீர்திருத்த சபைகள் பலவற்றில் சபை ஆயர் என்றால் ஓர் ஆலயத்தின் குருவானவர்; மறைமாவட்டத் தலைவரை அவர்கள் பேராயர் என்பார்கள். வீட்டில் பேசும்போது இதைக் கவனியுங்கள்.)

கைவைத்தலை நான் வெறும் சடங்காகப் பார்க்கவில்லை. இந்தப் பணியை நீயாக எடுத்துக்கொள்ளவில்லை, உனக்குக் கொடுக்கப்பட்டது என்று அது சொல்கிறது. கொடுத்தவர்களுக்கு நீ கணக்குச் சொல்லவேண்டும் என்றும் சொல்கிறது. ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்களாவது வேண்டும் என்று 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் விதித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். பிரஸ்பிட்டேரியன் சபைகளில் இந்தக் கண்காணிப்பு ஒரு மூப்பர் மன்றத்திடம் இருக்கிறது. பாப்டிஸ்ட் சபையில் உறுப்பினர்கள் கூடித்தான் போதகரை அழைக்கிறார்கள், அவர்களே விலக்கவும் முடியும். அமைதியாகக் கூடி வழிபடும் மரபான குவேக்கர் கூட்டங்களில் குருவே இல்லை. எனக்கு அச்சம் தருபவர் இவர்களில் எவரும் அல்லர். தனக்குத் தானே பிஷப் பட்டம் சூட்டிக்கொண்டு, மேலே ஒரு பேரவையும் கீழே ஒரு சபைக் கூட்டமும் இல்லாமல் நிற்கிறாரே, அவர்தான்.

வரிசை அறாத இடத்திலும் காவல் தூங்கியிருக்கிறது. சிறுவர்களைச் சீரழித்த குருக்களை ஆயர்களே பங்கு மாற்றி அனுப்பினார்கள். அது வெளிவந்த பிறகு 2002இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கப் பேராயர் பதவி விலகினார். ஆயர்கள்மீதே வரும் புகார்களை விசாரிக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் தனி விதிமுறை கொண்டுவந்தது 2019இல்.

ஆகவே மருமகனிடம், உங்கள் போதகரைத் திருநிலைப்படுத்தியது யார் என்று இனிக் கேட்காதீர்கள். அவர் தவறினால் தட்டிக்கேட்பது யார் என்று கேளுங்கள். அதே கேள்வியை அவர் உங்களிடம் திருப்புவார். அப்போது பாஸ்டனை மறைக்காமல் பேசுங்கள். மகளையும் உடன் உட்கார வையுங்கள். இரண்டு சபைகளையும் உள்ளிருந்து பார்த்தவள் உங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

அன்புடன்.