மகா தீபம் நேரலை: ஐந்தரை மணிக்குப் படம் உறையாமல் இருக்க

கேள்வி: எங்கள் மாவட்டச் செய்தி சேனல் இந்த ஆண்டும் திருவண்ணாமலை மகா தீபத்தை நேரலை செய்கிறது. மூன்று கேமரா, மொபைல் இணைப்பில் படம் அனுப்பும் இரண்டு பேக்பேக் கருவிகள் இருக்கின்றன. போன முறை ஐந்தரை மணிக்கே படம் உறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் கோளாறு பேக்பேக்கில் இருக்காது. அது பல சிம்களைச் சேர்த்துத்தான் படத்தை அனுப்புகிறது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் எல்லா நிறுவனங்களின் டவர்களும் சேர்ந்தே திணறும். இன்னும் நாலு சிம் போட்டாலும் பலன் இருக்காது. ஃபைபர் இணைப்பு உள்ள ஒரு மாடியை இப்போதே பேசி வையுங்கள். அதுதான் முதல் வழி. செயற்கைக்கோள் வழியே நேரலை அனுப்பும் டிஎஸ்என்ஜி வேன் வாடகைக்குக் கிடைத்தால் இரண்டாவது வழி. ஆனால் கார்த்திகையில் மழை வரும். கனமழையில் செயற்கைக்கோள் சிக்னலும் பலவீனமாகும். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சாலைகளை அடைப்பதற்கு முன்பே வேன் உள்ளே போயிருக்க வேண்டும். பேக்பேக்குகளைக் கூட்டம் குறைந்த இடங்களுக்கு ஒதுக்குங்கள்.

கேமராக்களில் ஒன்று கோயிலுக்குள், அர்த்தநாரீஸ்வரருக்கு. அவர் கொடிமரத்தின் முன் சில நிமிடங்களே காட்சி தருவார். அனுமதி கிடைக்காவிட்டால் எல்லா சேனல்களுக்கும் பொதுவான படத்தை (பொது ஃபீட்) தருவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இன்னொன்று கீழிருந்து 2,668 அடி மலை உச்சியை நோக்கி. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கோயில் மலையின் கிழக்கே இருக்கிறது. 6 மணிக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தாலும் மேற்கு வானம் வெளிச்சமாகவே இருக்கும். ஆட்டோவில் விட்டால் தீபம் ஏறும் நேரத்தில் ஃபோகஸ் அலையும். பகலிலேயே உச்சியில் ஃபோகஸைப் பூட்டி, எக்ஸ்போஷரை மேனுவலில் வையுங்கள்.

மூன்றாவது கேமராவைத் தயவுசெய்து கூட்டத்துக்கு விடுங்கள். நீங்கள் செய்தி சேனல். 2024 அக்டோபர் 6 அன்று மெரினா விமான சாகசத்தைப் பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அன்றைய பெரிய செய்தி வெயிலிலும் நெரிசலிலும் தவித்த மக்கள்தான். அதே ஆண்டு டிசம்பரில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. எனவே ஆம்புலன்ஸ் வழி, மருத்துவமனை வாசல், பஸ் நிலையம் மூன்றிலும் லைவ் கொடுக்க இடம் பார்த்து வையுங்கள்.

அசம்பாவிதம் நடந்தால் தீபக் காட்சியிலிருந்து வெட்டச் சொல்லும் அதிகாரம் பிசிஆரில் (ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில்) யாருக்கு? ஒரே ஒருவருக்கு. அந்தப் பெயரை முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். உயிரிழப்பு எண்ணிக்கையை ஆட்சியரோ மருத்துவமனையோ உறுதி செய்யும்வரை ஸ்க்ரோலில்கூடப் போடக்கூடாது. காயம்பட்டவர் முகத்துக்கு குளோஸ்-அப் வேண்டாம். அவர் வீட்டார் டிவியில்தான் முதலில் பார்ப்பார்கள்.

அப்புறம், ஆட்கள். பரணி தீபம் அதிகாலை 4 மணிக்கு. அதற்கு நின்ற அணியை மதியமே தூங்க அனுப்புங்கள். கூட்டம் ஊர் திரும்பும் நேரத்தில் பஸ் நிலைய லைவுக்கு அவர்கள்தான் வர வேண்டும்.