மஸ்கிக்கு எத்தனை அங்குல லூர்? முதலில் உங்கட கம்பைப் பாருங்கள்

தம்பி, உங்கட கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். மட்டக்களப்பு முகத்துவாரத்தில் கொடுவா பிடித்துப் பழகிய கை, ஸ்காபரோவுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, வாற கோடையில் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்குப் போக ஆசை. கூட வேலை செய்கிறவர் லூரைப் பற்றி, அதாவது முள் வைத்த பொய் இரையைப் பற்றி, “ஒரு அடி நீள லூர் இல்லாமல் மஸ்கிக்குப் போறது வீண்” என்று சொல்லியிருக்கிறார். கடையில் போய் விலையைப் பார்த்துத் திகைத்துப்போய், எத்தனை அங்குலத்தில் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

கவார்த்தாவில் முதல் கோடைக்கு 5 முதல் 8 அங்குலம் போதும். ஒரு அடி லூரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கட நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வேறு தண்ணீருக்கும் வேறு மாதத்துக்கும் பொருந்துகிற கதை.

மஸ்கியை நீங்கள் இன்னும் நேரில் கண்டிருக்க மாட்டீர்கள். உடம்பு வாகும் பல்லும் எங்கட சீலா மாதிரித்தான், குணமும் கிட்டத்தட்ட அதுதான். சாதாழை ஓரத்தில் அசையாமல் கிடக்கும், ஒரே பாய்ச்சலில் இரையைக் குறுக்காகக் கவ்வும், பிறகு திருப்பித் தலைப்பக்கத்தால் விழுங்கும். தன் நீளத்தில் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு இருக்கிற மீனைக்கூடச் சாதாரணமாகத் தின்னும். “பெரிய மீனுக்குப் பெரிய லூர்” என்ற கதை இங்கேயிருந்துதான் வந்தது. தின்னக்கூடியது வேறு, அந்த ஏரியில் தினமும் கிடைப்பது வேறு என்பதைத்தான் கனபேர் யோசிப்பதில்லை.

ஸ்கூகொக், ஸ்டேர்ஜன், பிஜன், செமொங், பக்ஹோர்ன் எல்லாம் பெரும்பாலும் ஆழம் குறைந்த, சாதாழை மண்டிய ஏரிகள். மஸ்கிக்குக் குறைவில்லை, ஆனால் பூதாகாரமான மீன் குறைவு. கையில் வருவது பெரும்பாலும் 30 அங்குலத்துக்கும் 40 அங்குலத்துக்கும் இடைப்பட்டது. அங்கே அதற்குக் கிடைக்கிற சாப்பாடு மஞ்சள் பேர்ச், சன்ஃபிஷ், சக்கர் என்ற மீன்கள். ஏரியில் பரவலாகத் திரிகிற பேர்ச் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்கட உள்ளங்கை அடியிலிருந்து விரல் நுனி வரைக்கும், 6 அல்லது 7 அங்குலம் இருக்கும். நான் 5 முதல் 8 என்று சொன்ன கணக்கு அந்தப் பேர்ச்சிலிருந்து வந்ததுதான். ஜோர்ஜியன் குடா, ஒட்டாவா ஆறு, சென் லோரன்ஸ் பக்கம் போனால் கதை மாறும். அங்கே 50 அங்குலத்தைத் தாண்டின மீன்கள் சிஸ்கோ மீனையும் பெரிய சக்கர் மீனையும் தின்று கொழுத்திருக்கும். 10, 12, 13 அங்குல லூருக்கு அங்கே வேலை இருக்கிறது. உங்கட நண்பர் நவம்பரில் அந்தப் பக்கம் படகில் லூரை இழுத்துப் பழகியவராக இருப்பார் என்று நினைக்கிறேன்.

அங்கேயும் அது எழுதி வைத்த சட்டம் இல்லை. ஒன்ராறியோவின் சாதனை மஸ்கி 1988 அக்டோபரில் ஜோர்ஜியன் குடாவில், பிளாக்ஸ்டோன் துறைமுகப் பக்கம் கென் ஓப்ரையன் பிடித்தது. 65 இறாத்தல், 58 அங்குலம். அது விழுந்தது 4 அங்குல ரபாலா லூருக்கு. இதைக் கேட்டுவிட்டு இனிச் சின்ன லூர்தான் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பெரிய லூர் இல்லையே என்று கவலைப்பட்டு ஒரு சீசனை வீணாக்க வேண்டாம் என்பதற்குத்தான் சொன்னேன்.

அங்குலத்தைவிட முக்கியமான விசயம் எடை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது பாஸ் மீன் பிடிக்கிற 7 அடிக் கம்பு ஒன்று. அந்தக் கம்பில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, சின்ன எழுத்தில் எத்தனை அவுன்ஸ் லூர் எறியலாம் என்று போட்டிருக்கும். இப்படிப்பட்ட கம்புகள் பெரும்பாலும் 1 அவுன்ஸோடு, அதாவது 28 கிராமோடு நிற்கும். இப்போது கடையில் பார்த்த லூர்களை நினைத்துப் பாருங்கள். புல் டோக் என்ற ரப்பர் லூரின் சாதாரண அளவே 9 அங்குலம், 100 கிராமுக்குக் கிட்ட. அதிலேயே ‘பவுண்டர்’ என்று ஒன்று இருக்கிறது, பெயருக்கேற்ற மாதிரி ஒரு இறாத்தல், 450 கிராம். அதை உங்கட கம்பால் எறிந்தால் ஒன்றில் கம்பு முறியும், அல்லது ரீலில் நூல் சிக்கி, எறிந்த வேகத்தில் நூல் அறுந்து லூர் மட்டும் தனியாகப் பறக்கும். ஐம்பது டாலர் ஏரிக்குப் போய்விடும். மூன்று கவர் முள்ளோடு அது பக்கத்தில் நிற்கிறவர் மேல் விழுந்தால் டாலர்க் கணக்கோடு முடியாது.

அதனால் காசு செலவழிப்பதென்றால் முதலில் ஒரு கம்பு: 8 அடிக்குக் குறையாமல், 6 அல்லது 8 அவுன்ஸ் வரை தாங்குகிறது. அதற்குத் தோதான பெயிட்காஸ்டிங் ரீல், 80 இறாத்தல் பிரெய்ட் என்ற பின்னல் நூல். நூலுக்கும் லூருக்கும் இடையில் கட்டுகிற லீடர் கட்டாயம். 100 இறாத்தலுக்குக் குறையாத ஃபுளோரோகார்பன் அல்லது கம்பி லீடர், ஒரு அடி நீளம். கொடுவாவுக்குக் கட்டின நைலோனை இந்தப் பல்லுக்கு முன்னால் கட்டாதீர்கள். மீன் அறுத்துக்கொண்டு போவதோடு, வாயில் லூரோடு சாகவும் கூடும்.

கம்பு வந்த பிறகு லூர் மூன்று போதும். முதலாவது பக்டெயில்: கம்பியில் சுழல்கிற தகடும் மான்வால் மயிரும். இதில் பெட்டியில் போட்டிருக்கிற நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், தகட்டின் இலக்கத்தைப் பாருங்கள். 5ஆம் இலக்கத் தகடு ஒன்று போட்ட மெப்ஸ் மஸ்கி கில்லர் நாள் முழுக்க எறிந்தாலும் தோள் நோகாது. 8ஆம் இலக்கத் தகடு இரண்டு போட்ட இரட்டை 8 நடுத்தரம். இரட்டை 10 என்பது பார்வைக்கு அதேபோல இருந்தாலும் ரீலைச் சுற்றும்போதுதான் தெரியும்: தகடுகள் தண்ணீரைப் பிடித்து இழுக்கிற இழுவை கம்பின் அடிவரைக்கும் அதிரும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டு ஓய்ந்துவிடும். மீனுக்கும் அப்படித்தான், கண்ணால் காண்பதற்கு முன்பே உடம்பின் பக்கக் கோட்டால் அந்த அதிர்வை உணர்கிறது. லூரின் நீளத்தைவிட அது தள்ளுகிற தண்ணீர்தான் மஸ்கிக்குப் பெரிசு சின்னன் எல்லாம். கலங்கல் தண்ணீரிலும் இரவிலும் பெரிய தகடு எடுபடுவது இதனால்தான்.

இரண்டாவது, மேற்பரப்பில் சலசலத்து வருகிற வொப்பர் புளோப்பர் 130. 13 சென்ரிமீற்றர், ஒன்றரை அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. அதன் பெரிய அளவான 190க்கு இப்போது அவசரம் இல்லை. மூன்றாவது ரபாலா சூப்பர் ஷாட் ராப், 14 சென்ரிமீற்றர், 45 கிராம். எறியவும் படகுக்குப் பின்னால் இழுக்கவும் உதவும், பேர்ச் நிறத்தில் எடுங்கள். நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. தெளிந்த தண்ணீருக்கு மங்கலான இயற்கை நிறம், கலங்கலுக்குக் கறுப்போ செம்மஞ்சளோ, அவ்வளவுதான்.

இனி மாதக் கணக்கு. கவார்த்தாவில் மஸ்கி சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15 வரை இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வருசமும் மாகாண விதிக் கைநூலைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஜூனில் முட்டையிட்டு முடித்த மீன் கரையோரக் குடாக்களில் களைத்துக் கிடக்கும், சாதாழையும் அப்போதுதான் எழும்பத் தொடங்கும். அப்போது 5, 6 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். ஜூலையில் சாதாழை மேற்பரப்பு வரை வந்துவிடும். இரட்டை 8 தகட்டை அதன் தலைக்கு மேலால் வேகமாக ஓட்ட வேண்டும். ஓகஸ்ற் கொதியில் தண்ணீர் 26, 27 பாகையைத் தாண்டினால் மஸ்கியை விட்டுவிட்டு பாஸ் பிடியுங்கள். அந்தச் சூட்டில் போராடிக் களைத்த மீன், நீங்கள் எவ்வளவு பக்குவமாக விட்டாலும் பிறகு செத்து மிதக்கும். செப்ரெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் வரை அருமையான காலம். அந்த வருசத்துப் பேர்ச்சுகளும் வளர்ந்திருக்கும், மீனும் குளிருக்கு முன் கொழுப்புச் சேர்க்க நிற்கும். 8, 9 அங்குலத்துக்கு ஏறலாம். நவம்பரில் 10, 12 அங்குல ரப்பரைச் சாதாழை செத்த விளிம்பில் மெதுவாக இழுப்பார்கள். கை விறைக்கிற குளிர் அது, முதல் வருசத்தில் உங்களுக்கு வேண்டாம்.

நடுவில் ஒரு விலக்கு. இடி மழை கடந்து, அடுத்த நாள் வானம் நீலமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்து வடக்குக் காற்று அடித்தால் மீன் வாயை மூடிவிடும். அன்றைக்கு எந்த மாதமாக இருந்தாலும் ஒரு அளவு குறைத்துப் போடுங்கள். ஆட்கள் நிறைந்த நீண்ட வாரஇறுதிகளிலும் அப்படித்தான். எல்லாப் படகும் இரட்டை 10 எறிகிற ஏரியில் அந்த மெப்ஸ்தான் புதுசாகத் தெரியும்.

சின்ன லூரில் புதியவருக்கு இன்னொரு வசதி இருக்கிறது. மஸ்கி லூருக்குப் பின்னாலேயே படகு வரைக்கும் வந்து, கடிக்காமல் பார்த்துவிட்டுப் போகிற மீன். அதைக் கடிக்க வைக்கிறது படகின் விளிம்பில் போடுகிற ‘எட்டு’. லூர் படகுக்கு வர, கம்பு நுனிக்கும் லூருக்கும் இடையில் ஒரு முழம் நூல் மட்டும் விட்டு, நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, அகலமாக எட்டு வடிவில் சுற்ற வேண்டும். முதல் வளைவுதான் முக்கியம், அதைக் குறுக்காமல் பெரிதாக எடுங்கள். நேரே வருகிற வழியில் ஒரு வேகம், வளைவில் கொஞ்சம் கூட. கீழே பழுப்பு நிறத்தில் கட்டை மாதிரி ஒன்று எழும்பி, செவுள் விரிந்து, வால் மட்டும் மெல்ல அசையும். அந்த நேரத்தில் கையை நிறுத்தினால் போச்சு. மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு எறிக்கும் எட்டுப் போட வேண்டும். நாள் முழுக்க அதைச் செய்ய 40 கிராம் லூரால் முடியும். 300 கிராமைக் கட்டிக்கொண்டு பழகாத கையால் முடியாது, மத்தியானத்தோடு கைவிட்டுவிடுவீர்கள். தண்ணீரின் பளபளப்பை வெட்டுகிற போலரைஸ்ட் கண்ணாடி ஒன்றும் வாங்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் வந்ததே தெரியாது.

மீன் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் போகிறதுக்கு முன்பே யோசித்து வைக்க வேண்டும். பெரிய அத்தாங்கு, நீள மூக்குக் குறடு, முள்ளை வெட்டுகிற குறடு. மீனை அத்தாங்குக்குள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள், கழறாவிட்டால் முள்ளை வெட்டிவிடுங்கள். படம் எடுப்பதென்றால் இரண்டு கையாலும் கிடையாகப் பிடித்து, சட்டென்று எடுத்து, சட்டென்று விட வேண்டும். செவுளில் தூக்கித் தொங்கவிட்டுப் படம் எடுக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

கறிக்கு ஆகுமா என்று வீட்டில் கேட்பார்கள். கொன்சவேஷன் லைசன்ஸ் எடுத்தால் ஒரு மஸ்கிகூட வைத்திருக்க முடியாது. ஸ்போர்ட் லைசன்ஸில் ஒன்று வைக்கலாம், அதுவும் குறிப்பிட்ட நீளத்துக்கு மேற்பட்டதாக இருந்தால்தான். நான் வைப்பதில்லை. 50 அங்குலம் வளர ஒரு மஸ்கிக்குப் பதினைந்து இருபது வருசம் செல்லும். பெரிய கொன்றுண்ணி மீன்களில் பாதரசமும் சேரும், மாகாணம் இதற்கென்றே சாப்பிடும் அளவு வழிகாட்டி வெளியிடுகிறது. குழம்புக்கு பேர்ச் இருக்கிறது, பொரித்தால் எங்கட ஊர் மீனுக்குக் குறைவில்லை.

18 முதல் 64 வயது வரை என்றால் அவுட்டோர்ஸ் கார்ட்டும் லைசன்ஸும் கட்டாயம். வாடகைப் படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே எண்ணிப் பாருங்கள். நீந்தத் தெரியும் என்று ஜூன் தண்ணீரில் வீரம் காட்ட வேண்டாம்.

கடைக்குப் போகிறதுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது உங்களிடம் இருக்கிற கம்பில் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கிற அவுன்ஸ் கணக்கையும் ரீலில் இருக்கிற நூலின் இறாத்தலையும் பார்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். ஒன்றரை அவுன்ஸ் தாங்குகிற கம்பாக இருந்தால், நூலை மட்டும் மாற்றி, மெப்ஸோடு இந்த ஜூனைச் சமாளிக்கலாம். புதுக் கம்பைச் செப்ரெம்பருக்கு வாங்கலாம்.