கிணற்றில் விட்ட பாலாமை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஐப்பசி மழை பிடித்த இரவில், பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் ஓர் ஆமை ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டியில் அடிபட்டுவிடுமே என்று எடுத்து வந்து, மறுநாள் கடலில் விடப் போனேன். கரையிலிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், “இது ஏரி ஆமை தம்பி, கடல்ல விட்டா பொழைக்காது” என்று தடுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டு உறைக்கிணற்றில் விட்டிருக்கிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மா கலங்குகிறார். கையில் எடுத்தபோது தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு அமைதியாகவே இருந்தது. பழகிவிடும் போலத் தோன்றுகிறது. வளர்க்கலாமா? படம் இணைத்துள்ளேன்.

பாகூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொட்டும் மழையில் வண்டியை நிறுத்தி இறங்கினீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். அந்தப் பெரியவர் சொன்னதும் முற்றிலும் சரி. நம் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குத் துடுப்புபோன்ற கால்களும், உடலில் சேரும் உப்பைக் கண்ணருகே கசியவிடும் சுரப்பியும் உண்டு. உங்கள் படத்தில் இருப்பதோ பாலாமை. ஓட்டின்மேல் தோல் போர்த்திய வழவழப்பும், குழல்போல் நீண்ட மூக்கும், காலுக்கு மூன்றாகத் தெரியும் நகங்களும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. நம் ஏரிகளில் உள்ள மற்றோர் ஆமையான காராமைக்கு ஓடு கெட்டியாகக் கறுத்து, முதுகில் மூன்று வரம்புகள் ஓடும்.

அது அமைதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அமைதியன்று, அச்சம். “ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்” என்னும் 126ஆம் குறளை அடக்கத்துக்கு உவமையாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆமையின் பக்கமிருந்து பார்த்தால், ஓடித் தப்ப முடியாத ஓர் உயிர் தன்னிடமிருக்கும் ஒரே கதவைச் சாத்திக்கொள்வது அது. பாலாமையிடம் இந்தக் கதவை நேராகவே காணலாம்: பின்கால்களை உள்ளிழுத்ததும், அடிவயிற்று ஓரத்திலுள்ள இரண்டு தோல் மடல்கள் அவற்றின்மேல் மூடிக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடையில், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரியின் வறண்ட ஓரத்தில், வெட்டிக் குவித்த வண்டல் கட்டி ஒன்றினுள் ஒரு பாலாமையைக் கண்டேன். கல் என்றே நினைத்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக அதன்மேல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து முன்புற ஓடு மெல்லத் திறந்து, சேறு அப்பிய மூக்கின் நுனி மட்டும் வெளியே வந்து காற்றை முகர்ந்தது. நீர் வற்றும்போது இப்படித்தான் மண்ணுக்குள் புதைந்து, உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு அது மழைக்காகக் கிடக்கும். மழை இறங்கியதும் எழுந்து நீரைத் தேடி நடக்கும். நீங்கள் கண்டது அந்த நடையாக இருக்கலாம். வழி தவறி வந்த ஆமை என்று நினைக்க வேண்டியதில்லை.

அம்மாவிடம், ஆமை நம் வீட்டுக்குள் புகவில்லை, அதன் வழியில்தான் நாம் சாலையையும் வீட்டையும் போட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

கிணறு அதற்கு ஏற்ற இடமன்று. நீந்தத் தண்ணீர் இருந்தாலும், கரையேறி வெயில் காய ஓரடி மண் அங்கே இல்லை. பெண் ஆமையானால் குழி தோண்டி முட்டையிடவும் வழியில்லை. நத்தை, தவளை, செத்த மீன், நீர்ப்பூண்டு என்று எல்லாவற்றையும் தின்று ஏரியைத் துப்புரவாக வைக்கும் உயிர், உறைகளுக்கு நடுவில் என்னத்தைத் தின்னும்? மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமை இருப்பதால், அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமும் ஆகும். எனவே வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். எடுத்த இடத்துக்கே அது திரும்பிப் போவதுதான் நல்லது.

தூக்க நேர்ந்தால் ஓட்டின் பின்பாதியை இரு பக்கமும் பிடியுங்கள். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளம், கடி பலமாக விழும். தண்ணீருக்குள் எறியாமல், ஏரியைப் பார்த்தவாறு ஈரக் கரையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். முதலில் மூக்குதான் வெளியே வரும்.