2050-க்கு மின்சாரம் எவ்வளவு வேண்டும்?

கேள்வி: 2050-ல் உலகத்தின் எரிசக்தித் தேவை கூடும் என்று ஒரு அறிக்கை, குறையும் என்று இன்னொன்று. எதைத்தான் நம்புவது?

பதில்: இரண்டையும் ஜோசியமாகப் படிக்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை 'இப்படிச் செய்தால் இப்படி ஆகும்' என்ற கணக்குகள்தான். முதல் பாதியை விட்டுவிட்டு, இரண்டாவது பாதியை மட்டும் தலைப்புச் செய்தியாக்கிவிடுகிறார்கள்.

கணித்தவர்கள் பலமாகச் சறுக்கியதும் உண்டு. அமெரிக்காவில் 1960-களில் மின்தேவை ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம், அதாவது பத்து ஆண்டில் இரட்டிப்பு என்று வளர்ந்தது. அது அப்படியே தொடரும் என்று நம்பி அணு உலைகளுக்கு ஆர்டர் கொடுத்துத் தள்ளினார்கள், 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, வளர்ச்சி படுத்தது, அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட உலைகள் ரத்தாகின. சூரிய மின்சாரத்தில் நேர் எதிர். சர்வதேச எரிசக்தி முகமையே அதன் வளர்ச்சியை வருடா வருடம் குறைத்து மதிப்பிட்டது.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடிக்கிறது, மின்சார மோட்டார் அப்படியில்லை. அதனால் கார்கள் மின்சாரத்துக்கு மாறினால் மின்தேவை ஏறும், மொத்த எரிசக்தி இறங்கும்! ஒன்று மின்சாரத்தையும் இன்னொன்று மொத்த எரிசக்தியையும் பற்றிப் பேசினால், நீங்கள் படித்த இரண்டு அறிக்கைகளும் ஒரே நேரத்தில் சரியாகக்கூட இருக்கலாம்.

சரி, மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும்? என்னைக் கேட்டால், தொழில்நுட்பத்தைவிட அரசுகளின் முடிவைக் கணிப்பதுதான் கஷ்டம். அடுத்த தடவை அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அனுமானங்கள் பக்கத்தைப் புரட்டுங்கள், பெரும்பாலும் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும்.