பின்கோடுக்குள் ஐந்து பகா எண்கள்

கே: எங்கள் திருப்பாதிரிப்புலியூர் பின்கோடு 607002. கால்குலேட்டர் இல்லாமல் இதைப் பகாக் காரணிகளாகப் பிரிக்க முடியுமா?
– வாசகி, கடலூர்

ப: தாராளமாக. 2-ஆல் வகுத்தால் 303501. இலக்கங்களின் கூட்டுத்தொகை 12. எனவே 3-ஆலும் வகுபடும்: 101167.

இனிதான் சுவாரஸ்யம். கடைசி மூன்று இலக்கமான 167-இல் முன்னுள்ள 101-ஐக் கழியுங்கள்: 66. இது 11-ஆல் வகுபடும். 7, 13-ஆல் வகுபடாது. 7×11×13 = 1001, 101167 = 101×1001 + 66 என்பதால் 101167-க்கும் அதே முடிவுதான். 11-ஆல் வகுக்க, 9197.

பலர் இதையே பகா எண் என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். 17-ஐப் போட்டுப் பாருங்கள்: 541. இதற்கு 23 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும், 24×24 = 576 ஆகிவிடுகிறதே! எதுவும் வகுக்காது. 541, வரிசையில் சரியாக நூறாவது பகா எண்.

ஆக, 2×3×11×17×541. எந்தக் காரணியும் இருமுறை வராததால் மொத்த வகுத்திகள் 2×2×2×2×2 = 32.