கட்டத்தில் வரும் சொல் வாயில் வரவில்லையே!

கேள்வி: எனக்கு வயது 46. ஆங்கிலச் சொல்வளம் பெருகும் என்று நம்பி, ஏழு மாதங்களாகத் தினமும் கைபேசியில், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் ‘வேர்டில்’ ஆடுகிறேன். பெரும்பாலும் நான்காவது முயற்சியில் சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறேன். ஆனால் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேச வாயெடுத்தால் ஒரு சொல்லும் கைகொடுப்பதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள், “இது வெறும் பொழுதுபோக்கு அம்மா” என்கிறாள். விட்டுவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம், சகோதரி. ஏழு மாதம் ஒரு நாளும் தவறாமல் ஒன்றைச் செய்ய முடிகிறது என்றால், அந்தப் பழக்கமே பெரிய முதல். அதை எதில் போடுவது என்பதைத்தான் இப்போது மாற்ற வேண்டும்.

எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், சொல்லிலேயே இல்லையென்றால் சாம்பல் என்று காட்டும் கட்டங்கள் உங்களுக்குப் பழக்கியிருப்பது எழுத்துக்கூட்டை. க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும். ஐ, ஜி, ஹெச், டி வரிசையாக நின்றால் லைட், நைட், ரைட், டைட் என்று முதல் எழுத்தை மட்டும் தேடினால் போதும். எழுதுவது ஒன்றும் ஒலிப்பது ஒன்றுமாக இருக்கும் மொழியில் இது நல்ல லாபம்தான். ஆனால் அங்கே பொருள் தெரியாமலேயே ஜெயிக்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் ‘ஸ்கிராபிள்’ ஆட்டத்தின் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் பட்டம் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதியின் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தார். எழுத்து தெரிவதும் மொழி தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, விடை கிடைத்ததும் கைபேசியை மூடிவிடாதீர்கள். உங்கள் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. விடை ‘க்ரேன்’ என்று வைத்துக்கொள்வோம். பாரம் தூக்கும் இயந்திரம் என்று நமக்கு உடனே தோன்றும். அகராதியைத் திறந்தால் அங்கே ஒரு பறவையும் நிற்கும், கொக்கைப் போல நீண்ட கழுத்தோடு. அந்தக் கழுத்தின் சாயலால்தான் இயந்திரத்துக்கு அந்தப் பெயர். கூட்டத்தில் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டுவதற்கும் அதே சொல்தான். இரண்டு நிமிடத்தில் ஒரு சொல் மூன்றாகிவிட்டது. இனி மறக்கவும் மறக்காது. இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜாஷ் வார்டில், விடைப்பட்டியலில் அரிய சொற்களைத் தவிர்த்துப் பரவலாகத் தெரிந்தவற்றையே வைத்தார். ஆகவே விடையாக வரும் எந்தச் சொல்லும் உங்கள் நேரத்துக்குத் தகுதியானதுதான்.

அந்தச் சொல்லைத் தனியாகக் குறித்துவைக்காதீர்கள். அது எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்று பார்த்து, இரண்டையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நாம் ‘பலத்த மழை’ என்கிறோம். அதை நினைத்து ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது ‘ஹெவி ரெயின்’. ‘தவறு செய்தேன்’ என்பதில் வரும் ‘செய்’யை ‘டூ’ ஆக்கிவிடுகிறோம். அங்கே ‘மேக்’ வர வேண்டும். பேசும்போது நாக்கு தடுக்குவது பெரும்பாலும் இந்தச் சேர்க்கைகளில்தான். மறுநாள், பிறகு மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து, நோட்டை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, முட்டி மோதி நினைவுக்குக் கொண்டுவருவதுதான் நீண்ட நாள் நிற்கும் என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி.

இனி உங்கள் மகளுக்கு ஒரு வேலை. வாரத்தில் மூன்று நாள், கால் மணி நேரம் உங்களோடு ஆடச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமல் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கத்தில் வரவே கூடாத சொற்கள் மூன்றை முன்பே விலக்கிவிடுங்கள். ‘பாரோ’ என்ற சொல் உங்களுக்கு விழுகிறது, ‘கிவ்’, ‘மணி’, ‘லெண்ட்’ மூன்றும் கூடாது என்று வையுங்கள். கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று மனதில் பிரிக்காமல் வாயைத் திறக்கவே முடியாது. தமிழில் ‘கடன்’ என்று தொடங்கி, கடைசியில் ‘வாங்கு’, ‘கொடு’ என்று பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலிலேயே வேறு சொல்: வாங்கினால் ‘பாரோ’, கொடுத்தால் ‘லெண்ட்’. எத்தனை முறை படித்தாலும் குழம்பும் இந்த ஜோடி, இப்படி ஒரு முறை திணறினால் தெளிந்துவிடும்.

இன்னொன்று, இருபது கேள்விகளில் கண்டுபிடிக்கும் ஆட்டம். தமிழில் கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்தால் கேள்வி பிறந்துவிடும்: உயிருள்ளதா, பெரியதா, பறக்குமா. ஆங்கிலத்தில் ‘இஸ்’, ‘டஸ்’, ‘கேன்’ முன்னால் வந்து நிற்க வேண்டும். இருபது கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அந்த வரிசை நாக்கில் ஏறிவிடும். இலக்கணப் பயிற்சி என்று உட்கார்ந்தால் இருபது வாக்கியம் யார் எழுதப்போகிறோம்?

மகளிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் திணறும்போது அவர் இடையில் புகுந்து திருத்த வேண்டாம், சொல்லை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஆட்டம் முடிந்த பிறகு ஒரே ஒரு பிழையைச் சொன்னால் போதும். அதை அன்றே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.